பத்து லட்சத்துக்கு ஒரு பாலிசி போடுங்கள்

பெறுநர்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஹைதராபாத். மற்றும், பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் பொறுப்புக் காப்பீட்டைக் கவனிக்கும் அதிகாரிகள்.

வணக்கம்.

பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடியறையில் வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன். உதவிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். வருடம் முழுக்க ஆர்டர் வந்தாலும் நவராத்திரியில் ஆரம்பித்து கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் உண்மையான வியாபாரம். என் பொருளால் யாருக்காவது காயமோ சேதமோ ஏற்பட்டால் இழப்பீடு கொடுக்க ஒரு காப்பீடு வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இலவசமாகக் கேட்கவில்லை, மானியமும் கேட்கவில்லை. பிரீமியம் கட்டத் தயார். என் அளவுக்கு ஒரு பாலிசி விற்கத்தான் ஆளைக் காணோம்.

நான் மட்டும் இல்லை. கண்காட்சிகளில் ஸ்டால் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு சின்ன வட்டம் எங்களுடையது. சுடுமண் நகை செய்கிறவர், குரோஷா பொம்மை பின்னுகிறவர், சோப்பு காய்ச்சுகிறவர், கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர், துணிப்பை தைக்கிறவர் எல்லாரும் இருக்கிறோம். எல்லாரும் கேட்டுப் பார்த்தாயிற்று, எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான். அதனால் ஏஜென்ட்டுகளைத் துரத்துவதை விட்டுவிட்டு, பாலிசியை வடிவமைக்கிறவர்களுக்கும் அதற்கு விதி போடுகிறவர்களுக்கும் நேராகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

“உங்களுக்கு எதுக்கு மேடம் லயபிலிட்டி? யார் உங்க மேல கேஸ் போடப் போறா?” என்று சிரித்த ஏஜென்ட் ஒருவர் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அதன் ஆறாம் அத்தியாயம் முழுக்கப் பொருள் சார்ந்த பொறுப்பைப் பற்றியது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பொருளைச் செய்கிறவர் மட்டுமல்ல, பிறர் செய்த பாகங்களைக் கோத்து விற்கிறவரும் அந்தச் சட்டத்துக்கு உற்பத்தியாளர்தான். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையும், இண்டக்‌ஷன் அடுப்பில் மெழுகு உருக்கும் நானும் ஒரே 84-ஆம் பிரிவுக்குள் வருகிறோம். தயாரிப்பில் குறை இருந்தாலும் பொறுப்பு, வடிவமைப்பில் குறை இருந்தாலும் பொறுப்பு, பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதிய அளவு எழுதாவிட்டாலும் பொறுப்பு. வெளிப்படையாக ஓர் உத்தரவாதம் கொடுத்து அது பொய்த்துப்போனால், நான் கவனக்குறைவாக இருக்கவில்லை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. எங்கள் ஆட்கள் இன்ஸ்டாகிராமில் ‘நூறு சதவீதம் பாதுகாப்பானது’ என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியவில்லை.

வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கோயம்புத்தூருக்குக் கூரியரில் போன மெழுகுவர்த்திக்கு நான் கோயம்புத்தூர் போய்ப் பதில் சொல்ல வேண்டும். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. நுகர்வோருக்கு இது நல்ல சட்டம். நானும் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குகிறவள்தான், அதனால் இதைக் குறை சொல்ல மாட்டேன். பொறுப்பைச் சிறியவருக்கும் பெரியவருக்கும் சமமாகப் பங்கு போட்ட அரசு, அதைத் தாங்கும் வழி சிறியவருக்கும் கிடைக்கிறதா என்று பார்க்கவில்லை. என் கேள்வி அவ்வளவுதான்.

பொம்மை விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். நல்ல காரியம், இல்லாவிட்டால் பல குடும்பங்கள் கடையைச் சாத்தியிருக்கும். ஆனால் முத்திரைக்குத்தான் விலக்கு, பொறுப்புக்கு இல்லை. குரோஷா யானையின் பொத்தான் கண்ணைப் பிய்த்து ஒரு குழந்தை விழுங்கிவிட்டால், பின்னிய பெண்ணைக் காப்பாற்ற அந்த விலக்கு வராது.

சரி, சந்தையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். இதைப் படிக்கும் மற்ற கைவினைக்காரர்களுக்காகவும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பாலிசிகளை எல்லாரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கண்காட்சியில் என் ஸ்டால் தட்டி சரிந்து ஒருவர் காலில் விழுந்தால் அது பொதுப் பொறுப்பு, அதாவது பப்ளிக் லயபிலிட்டி. என் மெழுகுவர்த்தியை வாங்கிப்போனவர் வீட்டில் அது திரைச்சீலையைப் பற்றவைத்தால் அது பொருள் பொறுப்பு, ப்ராடக்ட் லயபிலிட்டி. கடைக்காரர் பாலிசி என்று கூட்டாக விற்பதில் முதல் வகை ஓரளவுக்கு அடங்கும். அதுவும் கடை என்று ஓர் இடம் இருந்தால்தான். பொருள் படி தாண்டிப் போன பிறகு நடப்பதற்கு அதில் பெரும்பாலும் இடமில்லை. எங்களுக்கோ கடையே கிடையாது. மாடியறைதான் பட்டறை, கூரியர்காரர்தான் கடைப்பையன். வீட்டுக் காப்பீடும் உதவாது. வீட்டில் நடக்கும் தொழிலை அது தன் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

மிஞ்சுவது தனியாக எடுக்கும் பொருள் பொறுப்புப் பாலிசி. எனக்கு வந்த கோட்டேஷன்களில் மிகக் குறைந்த இழப்பீட்டு வரம்பே ஒரு கோடி. அதற்குக் கீழே எழுதவே முடியாது, குறைந்தபட்ச பிரீமியம் என்று ஒன்று இருக்கிறது என்றார்கள். அந்தக் குறைந்தபட்சம் என் தீபாவளி லாபத்தில் பாதியைக் கொண்டுபோய்விடும். ஒரு கோடி எனக்கு எதற்கு? நான் விற்பது முந்நூறு, நானூறு ரூபாய் மெழுகுவர்த்தி. ஒரு விபத்துக்குப் பத்து லட்சம், வருடத்துக்கு இருபது லட்சம் என்று இருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன். அப்படி ஒன்று கொடுங்கள் என்று கேட்டால், “சிஸ்டத்தில் வராது மேடம்” என்கிறார்கள்.

பிரீமியத்தின் தலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்று ஆக்கினார்கள். எங்கள் மாதிரி வணிகப் பாலிசிக்கு அது அப்படியே நிற்கிறது. பெரிய நிறுவனம் அந்த 18-ஐத் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும். வருட விற்பனை 40 லட்சத்தைத் தொடாததால் ஜிஎஸ்டி பதிவே எடுக்காத எங்களுக்குக் கழிக்க ஒன்றுமில்லை. ஆக, ஒரே பாலிசியை ஆலைக்காரரைவிட நாங்கள்தான் அதிக விலைக்கு வாங்குகிறோம்.

இனி அந்த ப்ரப்போசல் ஃபார்ம். கிடைத்த ஒன்றை உட்கார்ந்து முழுக்க நிரப்பினேன். தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் இருக்கிறதா, அதன் பொறுப்பாளரின் தகுதி என்ன, பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் நடைமுறை ஆவணம் இருக்கிறதா, வெளிநாட்டுத் துணை நிறுவனங்கள் உண்டா, அமெரிக்கா, கனடா விற்பனை எத்தனை சதவீதம் என்று போகிறது. எல்லாம் ஆங்கிலம். இதில் எனக்குப் பொருந்துவது கடைசிக் கேள்வி மட்டும்தான். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் தேடும் தோழிகள் உண்டு, அமெரிக்கா என்றாலே பிரீமியம் எங்கேயோ போய்விடும் என்பது எங்களுக்கும் புரிகிறது. மற்றதையெல்லாம் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டே வந்தால், அதைப் படித்துப் பாலிசி கொடுக்கலாமா என்று முடிவு செய்கிற அண்டர்ரைட்டருக்கு நான் ஏதோ பொறுப்பில்லாதவள் மாதிரித் தெரிவேன்.

அவர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளே வேறு. சென்னை வீட்டில் மெழுகுவர்த்தி எப்படி எரிகிறது என்று கேட்டிருக்கலாம். இங்கே வருடத்தில் பத்து மாதம் தலைக்கு மேல் ஃபேன் சுற்றும். காற்று ஒரு பக்கமாகச் சுடரைச் சாய்க்கும், கண்ணாடி டம்ளரின் அந்தப் பக்கம் மட்டும் சூடேறும், மெழுகு அடிமட்டத்துக்கு இறங்கும்போது விரிசல் விடும். அதனால் புது அளவில் டம்ளர் வந்தால், ஃபேனை ஓடவிட்டு, திரியின் தடிமனை மாற்றி மாற்றி ஏற்றி, ஒவ்வொரு மணி நேரமும் உருகிய மெழுகின் அகலத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுகிறேன். திரி தடித்தால் சுடர் எகிறிக் கரி படியும், மெலிந்தால் நடுவில் மட்டும் குழிவிழுந்து திரி மூழ்கிவிடும். அடியில் அரை அங்குலம் மெழுகு இருக்கும்போதே அணைத்துவிடுங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். எல்லாருக்கும் தெரிந்த ஆபத்தை எச்சரிக்கத் தவறினால் உற்பத்தியாளர் பொறுப்பாக மாட்டார் என்று அந்த நுகர்வோர் சட்டத்தின் 87-ஆம் பிரிவு சொல்கிறது. தீ சுடும் என்பது எல்லாருக்கும் தெரியும். மெழுகு தீர்ந்த கண்ணாடி வெடிக்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்குத்தான் அந்த ஸ்டிக்கர். அந்த நோட்டுதான் என் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம். அதைக் காட்ட உங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

இதே மாதிரி ஒவ்வொரு கைவேலைக்கும் அதற்கே உரிய கேள்வி இருக்கிறது. சுடுமண் நகையில் மண்ணால் பிரச்சினை வராது, காதில் மாட்டும் கொக்கியால் வரும். நிக்கல் கலந்த கொக்கி சிலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். சௌகார்பேட்டையில் கிலோ கணக்கில் வாங்கும்போது ‘நிக்கல் இல்லை’ என்று கடைக்காரர் வாயால் சொல்வார், பில்லில் எழுதித் தரமாட்டார். கேளுங்கள், எழுதித் தரும் கடையில்தான் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். நாங்களும் அதைச் சாக்காக வைத்து அவரிடம் கேட்போம்.

பாலிசி இல்லாததால் என்ன குடியா முழுகிப்போயிற்று என்று தோன்றலாம். ஒன்று சொல்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐடி நிறுவனம் ஊழியர்களின் தீபாவளிப் பரிசுக்கு என் மெழுகுவர்த்தியைத் தேர்ந்தெடுத்தது. விலை பேசியாகிவிட்டது, லேபிளில் அவர்கள் லோகோ எங்கே வரும் என்பது வரை முடிவாகிவிட்டது. கடைசியில் கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல்: ‘ப்ராடக்ட் லயபிலிட்டி சான்றிதழை இணைக்கவும்.’ இல்லை என்றேன். ஆர்டர் கைமாறிப் போனது. இறக்குமதிச் சரக்கைப் பெட்டியை மட்டும் மாற்றி விற்கும் ஒரு விற்பனையாளருக்கு அது போனதாக அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணே சொன்னார். அவரிடம் சான்றிதழ் இருந்தது. அந்த மெழுகுவர்த்தியில் ஒன்றையாவது அவர் ஏற்றிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

கண்காட்சிகளும் இப்போது அந்த வழியில்தான் போகின்றன. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘ஸ்டாலில் நடக்கும் எந்த விபத்துக்கும் ஸ்டால்காரரே பொறுப்பு, அமைப்பாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை’ என்று ஒரு வரி. எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

இதற்கெல்லாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். நீங்களே செய்துகாட்டிய மூன்று காரியங்களை நினைவுபடுத்துகிறேன்.

ஒன்று, இருசக்கர வாகனம். 75 முதல் 150 சிசி வரையிலான ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் வருடத்துக்கு 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி, 2022-ல் அறிவித்தது. அந்த 714 ரூபாய்க்கு, ஸ்கூட்டர் மோதி ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ நீதிமன்றம் சொல்லும் தொகை எவ்வளவானாலும் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கிறது. மூலக்கடைச் சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு ஒரு ஸ்கூட்டர் சுமக்கும் ஆபத்தையும், என் மாடியறையிலிருந்து போகும் மெழுகுவர்த்தி சுமக்கும் ஆபத்தையும் வைத்துப் பாருங்கள். ஸ்கூட்டர் மலிவாக இருப்பதற்குக் காரணம் எல்லாரும் கட்டுகிறார்கள், ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாக யாரும் ஆராய்வதில்லை.

இரண்டு, சமையல் எரிவாயு. வீட்டில் சிலிண்டர் வெடித்து உயிர் போனால் ஒருவருக்கு ஆறு லட்சம் ரூபாய் வரை இழப்பீடு உண்டு. காயத்துக்கும் வீட்டுச் சேதத்துக்கும் தனி வரம்பு உண்டு. இதற்காக நாம் யாரும் ஏஜென்ட்டைப் பார்த்ததில்லை, படிவம் நிரப்பியதில்லை. எண்ணெய் நிறுவனங்களே மொத்தமாகப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன, பதிவு பெற்ற இணைப்பு இருந்தால் போதும். பெருங்கூட்டத்தை ஒரே பாலிசிக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மூன்றாவது ஆணையத்தின் சொந்தப் பிள்ளை: பாரத் சூக்‌ஷ்ம உத்யம் சுரக்‌ஷா. ஐந்து கோடி வரை சொத்துள்ள சிறு தொழிலுக்குத் தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கான காப்பீடு. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே பெயரில், ஒரே வாசகத்தோடு விற்க வேண்டும் என்று நீங்கள் உத்தரவு போட்டீர்கள். சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்தப் பாலிசி என் மெழுகையும் என் அச்சுகளையும் காப்பாற்றும், என் மெழுகுவர்த்தியால் பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றாது. அதற்கும் முன்னால், 2005-ல் நுண்காப்பீட்டு விதிகள் வந்தபோதும் குடிசை, கால்நடை, கருவி, விபத்து, உடல்நலம் என்று யோசித்தீர்கள். கைவினைஞருக்கென்று அரசுகள் கொண்டுவந்த காப்பீடுகளும் பெரும்பாலும் அவர் உயிரையும் உடம்பையும் பற்றியவை. ஏழை இழக்கக்கூடியவர் என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கிறது. அவர் விற்கிற பொருளால் இன்னொருவரும் இழக்கலாம், அப்போது இரண்டு குடும்பங்களும் சேர்ந்து மூழ்கும் என்று ஏனோ தோன்றவில்லை.

ஆகவே நான் கேட்பது இது. சூக்‌ஷ்ம பாலிசி மாதிரியே, உத்யம் என்ற சிறுதொழில் பதிவோ கைவினைஞர் அடையாள அட்டையோ வைத்திருப்பவருக்கு, ஸ்டாலில் நடப்பதற்கும் விற்ற பொருளால் நடப்பதற்கும் சேர்த்து ஒரே பொதுவான பாலிசி. விபத்துக்குப் பத்து லட்சம், வருடத்துக்கு இருபது லட்சம். விற்பனை எல்லை இந்தியா மட்டும். முதல் பத்தாயிரம் ரூபாயை நாங்களே ஏற்கிறோம், சில்லறைத் தகராறுகள் உங்கள் மேசைக்கு வராது. வக்கீல் செலவையும் இந்த வரம்புக்குள்ளேயே பாலிசி கொடுக்க வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். பிரீமியத்தைப் பொருளுக்கேற்ப மூன்று படியாக வையுங்கள். துணிப்பை தைப்பவரும் நானும் ஒரே தொகை கட்டுவது அநியாயம், என் பொருளில் நெருப்பு இருக்கிறது. அவருக்கு வருடம் ஆயிரம், எனக்கு மூவாயிரம் என்று வைத்தாலும் முணுமுணுக்காமல் கட்டுவேன். சரியான கணக்கு என்ன என்பதை உங்கள் ஆக்சுவரிகள் சொல்லட்டும்.

பாலிசியின் காலம் பற்றி ஒரு முக்கியமான விஷயம். இப்போது விற்கும் பொருள் பொறுப்புப் பாலிசிகள், புகார் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருந்தால்தான் பணம் தருகின்றன. பொருளை விற்ற நாளில் பாலிசி இருந்ததா என்பது போதாது. நம் வீடுகளைப் பற்றித் தெரிந்தவர் யாரும் மெழுகுவர்த்திக்கு இப்படி ஒரு விதி போடமாட்டார். தீபாவளிக்குப் பரிசாக வந்தது ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்காரும், வருபவர்கள் பார்த்து மெச்சுவார்கள், இரண்டு வருடம் கழித்து ஒரு மழைக்காலத்து ராத்திரி கரண்ட் போனால்தான் அதை ஏற்றுவார்கள். அதற்குள் நான் பிரசவத்துக்கோ, மாமியாரைப் பார்த்துக்கொள்ளவோ தொழிலை நிறுத்தியிருக்கலாம். எங்கள் தொழிலில் பெண்கள் அப்படித்தான் விட்டு விட்டுச் செய்கிறார்கள். தொழிலை நிறுத்திய பிறகும் மூன்று வருடம் வரை, பாலிசி இருந்த காலத்தில் விற்ற பொருளுக்கு வரும் புகாரை ஏற்கும்படி எழுதுங்கள். கூடுதல் பிரீமியம் ஆகும் என்றால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தனித்தனியாக விற்றால் கட்டுப்படியாகாது என்பீர்கள். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆயிரம் ரூபாய் பிரீமியத்துக்கு ஏஜென்ட் கமிஷன் என்ன வரும், எந்த ஏஜென்ட் அதற்காகப் பெரம்பூர் வரை வருவார்? அதனால் குழுவாக விற்கலாம். அரசின் கைவினைக் கழகமான பூம்புகார் இருக்கிறது, மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கவனிக்கும் மாநிலக் கழகம் இருக்கிறது, கைவினை அமைப்புகள் இருக்கின்றன. யாராவது ஒருவர் பெயரில் மாஸ்டர் பாலிசி, உறுப்பினர் பட்டியல் ஓர் எக்ஸல் தாளில். அதைவிட எளிது, ஸ்டால் வாடகையோடு சேர்த்துவிடுவது. வள்ளுவர் கோட்டத்துக்குப் பக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் விற்பனையோ, எல்டாம்ஸ் சாலையில் நடக்கும் கைவினைச் சந்தையோ, எதுவானாலும் மூன்று நாளைக்கு ஸ்டால் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் வாடகையோடு கொஞ்சம் பிரீமியமும் வாங்கிக்கொள்ளட்டும். அமெரிக்காவில் கைவினைச் சந்தைக்காரர்களுக்கென்றே ஒரு கண்காட்சிக்கு மட்டும் தனியாக, வருடத்துக்கு என்று தனியாகப் பாலிசி விற்கிறார்கள். அங்கே அது அன்றாட விஷயம்.

ஆபத்தான பொருள் விற்பவர்தான் ஓடி வந்து பாலிசி எடுப்பார் என்ற பயத்துக்கும் இதுவே பதில். கண்காட்சியில் எல்லாரும் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் துணிப்பையும் வரும், மெழுகுவர்த்தியும் வரும். பொய்க் கிளைம் வருமோ என்றால், தீக் காப்பீட்டில் பணம் பாலிசிதாரர் கைக்கு வரும், இதில் பாதிக்கப்பட்டவர் கைக்குப் போகும். என் பொருள் ஒருவரைச் சுட்டது என்று பொய் சொல்லி நான் என்ன லாபம் பார்க்கப் போகிறேன்? தொழில் பெயரே அதோடு போய்விடும்.

எங்கள் பக்கம் நிபந்தனை போடத் தயங்காதீர்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் எண், தேதி, மூலப்பொருள் பில். மெழுகுவர்த்திக்கு எரித்துப் பார்த்த குறிப்பு. மூன்று வயதுக்குக் கீழான குழந்தைக்கு என்று விற்கும் பொம்மையில் பொத்தான் கண் கூடாது, நூலால் தைத்த கண்தான். சோப்பு விற்பவரிடம் 2020 அழகுசாதன விதிகளின்படி உரிமம் இருக்க வேண்டும். இல்லாதவருக்குப் பாலிசி கொடுக்காதீர்கள். இதைப் படித்துவிட்டு எங்கள் வட்டத்தில் ஒருவர் என்னோடு பேசமாட்டார். பரவாயில்லை. தேனாம்பேட்டையில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அலைந்து உரிமம் வாங்கியவர் கட்டும் பிரீமியத்தில், வாங்காதவருடைய தப்புக்கும் சேர்த்துப் பணம் போகக்கூடாது.

பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு லட்ச ரூபாய் ஆர்டருக்கு ஒரு கோடி வரம்பு கேட்பது எந்த ஊர் நியாயம்? சான்றிதழ் கேளுங்கள், ஆனால் ஆர்டரின் அளவுக்குக் கேளுங்கள். பத்து லட்சம் பாலிசி என்று ஒன்று வந்தால் அதை ஏற்றுக்கொள்வோம் என்று இப்போதே எழுதிக் கொடுத்தால், காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இதில் வியாபாரம் இருக்கிறது என்று நம்பிக்கை வரும்.

ஆணையத்துக்கு: இதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்க நேரமாகும் என்றால், முதலில் ஒரே ஒரு நிறுவனத்தை வைத்துச் சென்னையில் மட்டும் சோதித்துப் பார்க்கலாம். இப்படிப் புதுப் பாலிசிகளைச் சிறிய அளவில் சோதிக்க 2019-லேயே நீங்கள் தனி விதிமுறை கொண்டுவந்தீர்கள். கொசப்பேட்டையிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் கொலு பொம்மைகள் இறங்கும் காலம் எங்களுக்கும் சீசன். அதற்கு மூன்று மாதம் முன்னால் பாலிசி கையில் இருந்தால் ஒரு முழு சீசனுக்குக் கணக்குப் பார்த்துவிடலாம். எத்தனை பேர் கட்டினார்கள், என்ன புகார் வந்தது, எவ்வளவு கொடுத்தோம் என்ற எண்கள் அதன் பிறகு உங்களிடமே இருக்கும். ‘தரவு இல்லை’ என்று யாரும் சொல்லத் தேவையிருக்காது.

காப்பீட்டு நிறுவன அதிகாரிகளுக்கு: உங்களில் சிலருக்குத் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியம் உங்கள் அண்டர்ரைட்டர் ஒருவரை எங்கள் மாடியறைக்கு அனுப்புங்கள். நோட்டைக் காட்டுகிறேன், மற்றவர்களையும் வரச் சொல்கிறேன், படிவத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிவிடலாம். இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. தமிழிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மெழுகுவர்த்தி செய்யும் ஒருத்தி,
பெரம்பூர், சென்னை.